கார்த்திகையில் புல்தரை வரவேற்பு எதற்கு?

கேள்வி: கார்த்திகை மாதம் மகள் கல்யாணம். மஞ்சக்குப்பத்தில் இரண்டு நாளைக்கு மண்டபம் பிடித்து அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கையில் இருப்பது 7 லட்சம். பட்டியல் 11 லட்சத்தைத் தொட்டுவிட்டது. 'ரெண்டு வட்டிக்கு வாங்கு, மொய்யில் அடைத்துவிடலாம்' என்கிறான் என் மைத்துனன். நான் சிப்காட் கம்பெனி ஒன்றில் 32,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். மகன் இன்னும் படிக்கிறான். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: கடன் வாங்காதீர்கள். 4 லட்சத்துக்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் 8,000 ரூபாய். உங்கள் சம்பளத்தில் சரியாகக் கால் பங்கு. ஒரு வருஷத்தில் 96,000 கட்டிய பிறகும் அசல் நாலு லட்சம் அப்படியே நிற்கும். மகன் படிப்புச் செலவை எதிலிருந்து கொடுப்பீர்கள்?

மொய்யில் அடைக்கலாம் என்பது ஆபத்தான கணக்கு. வீட்டில் இருக்கும் பழைய மொய் நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். நீங்கள் யார் யாருக்கு எவ்வளவு செய்தீர்களோ, ஏறக்குறைய அதுதான் திரும்பி வரும். அதற்கு மேல் வருவதெல்லாம் அவர்கள் வீட்டு விசேஷத்தில் நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். அதை வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த தை மாதம் நாலு பத்திரிகை வீடு தேடி வந்தால் என்ன செய்வீர்கள்?

பட்டியலை இணைத்து அனுப்பியது நல்லதாயிற்று. அதில் என் கண்ணில் முதலில் பட்டது, புதுச்சேரி இசிஆரில் புல்தரை வரவேற்புக்காக இடம், மேடை, விளக்கு என்று போட்டிருக்கும் 1,50,000. அதுவும் கார்த்திகையில்! 2015 நவம்பர் வெள்ளத்தில் கடலூர் பட்ட பாட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது, அதுவும் கார்த்திகைதான். வானத்தை நம்பி ஒன்றரை லட்சம் கட்டலாமா? முதல் நாள் சாயங்காலம் மண்டபம் உங்கள் கையில்தான் இருக்கிறது. வரவேற்பை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாப்பாடு. இரவு 800 இலை 280 ரூபாய் வீதம், காலை டிபன் 500 பேருக்கு 140 வீதம், முகூர்த்தச் சாப்பாடு 500 இலை 260 வீதம். மொத்தம் 4,24,000. அந்த 800 எப்படி வந்தது? 'குறைந்துவிடக் கூடாதே' என்ற பயத்தில் போட்ட எண் அது. பத்திரிகை எத்தனை அடிக்கிறீர்கள் என்பதை வைத்து இலையைக் கணக்கிடக் கூடாது. நீங்களும் உங்கள் மனைவியும் ஒரு நோட்டோடு உட்கார்ந்து, வீடு வீடாக, அந்த வீட்டிலிருந்து இரவுக்கு யார் வருவார்கள், காலையில் யார் வருவார்கள் என்று எழுதுங்கள். வெளியூர் உறவு இரண்டு வேளையும் இருக்கும். கம்பெனி ஆட்கள் இரவோடு கிளம்பிவிடுவார்கள். சமையல் கான்ட்ராக்டரிடம் சொன்ன எண்ணிக்கைக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பணம் கொடுத்தாக வேண்டும். அதனால் 500 என்று சொல்லி, கூடுதலாக விழும் இலைக்கு எண்ணித் தருகிறேன் என்று பேசி எழுதி வாங்குங்கள். இதில் மட்டும் 84,000 மிச்சம்.

மாப்பிள்ளைக்கு பைக் 1,10,000 என்று ஒரு வரி. 'அவர்கள் எதுவும் கேட்கவில்லை, ஊர் வழக்கம்' என்று பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்காதவருக்குக் கடன் வாங்கிக் கொடுப்பானேன்? கேட்டிருந்தால், கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அடித்துவிடுங்கள்.

ஆக 3,44,000 குறைந்தாயிற்று. பாக்கி 56,000. போட்டோ வீடியோவுக்கு 70,000, மேடைப் பூ அலங்காரத்துக்கு 60,000 போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பாதியாக்கினால் தீர்ந்தது. ட்ரோன் பறக்காவிட்டால் தாலி ஏறாதா?

ஒன்றை மட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டும். மண்டப வாடகை ரசீதின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? ஜெனரேட்டர் டீசல், கரண்ட் யூனிட், காஸ் சிலிண்டர், துப்புரவுக் கூலி, ஜிஎஸ்டி எல்லாம் பெரும்பாலும் தனி. மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்தில், வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போதுதான் மேனேஜர் அந்தச் சீட்டை நீட்டுவார். இன்றே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முகூர்த்தப் புடவை போக மற்றப் பட்டுகளில் ஒன்றைக் குறைத்து, அந்தப் பணத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

சம்பந்தி வீட்டார் 'எங்களுக்கு எதுவும் வேண்டாம், கல்யாணத்தைச் சிறப்பாகப் பண்ணிவிடுங்கள்' என்று சொன்னார்களாம். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் புல்தரை, 800 இலை, பைக் என்று நீங்களாக அர்த்தம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நேரில் போய், 'எங்களால் முடிந்தது 7 லட்சம், அதில் இப்படிச் செய்கிறோம்' என்று சொல்லுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. புல்தரை வரவேற்பு வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை இருந்தால் அந்தச் செலவை அவர்கள் ஏற்கட்டும்.

அப்புறம், நாலு பக்கக் கடிதத்தில் மைத்துனன் சொன்னது இருக்கிறது, சித்தப்பா சொன்னது இருக்கிறது. மணப்பெண் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவருக்காக வாங்கப்போகும் கடன் அவருக்குத் தெரியுமா? இன்றைக்கே இந்தப் பட்டியலை அவர் கையில் கொடுங்கள். எதை விடலாம், எது கட்டாயம் வேண்டும் என்று அவர் சொல்லட்டும். பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.