குப்பாங், பேத்தை, வாடிய கெம்போங்: கடல் விஷம் பற்றிய கேள்விகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து நீங்கள் கேட்டவற்றுக்கு, ஓய்வு பெற்ற மருத்துவ உதவியாளர் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனால் குப்பாங் சிப்பி வாங்காமல் வரமாட்டோம். நன்றாக வேகவைத்தால் பயமில்லைதானே?

அப்படி நம்பிவிடாதீர்கள் அம்மா. வேகவைத்தால் கிருமி சாகும், இந்த விஷம் அப்படியே இருக்கும். கடலில் சில வகை நுண்பாசிகள் திடீரென்று பெருகும். சிப்பி கடல்நீரை வடிகட்டி இரை எடுப்பதால் பாசியின் விஷம் அதன் சதையில் சேர்ந்துவிடுகிறது. சாக்சிடாக்சின் என்பது அதன் பெயர். ஒரு கிலோ சதையில் 0.8 மில்லிகிராமைத் தாண்டினால் பல நாடுகளில் விற்கவே விடமாட்டார்கள். அவ்வளவு கொடியது.

சபாவில் 1976-லேயே இதனால் உயிர்கள் போயின. நம் பக்கத்தில், 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் சிப்பிகளில் விஷம் இருப்பது தெரிந்து மீன்வளத் துறை எச்சரித்தது. அப்படி அறிவிப்பு வந்தால், தடை நீங்கும்வரை குப்பாங், லாலா, கெராங் என்று எந்தச் சிப்பியையும் தொடாதீர்கள். தெரிந்த கடைக்காரர் கொடுத்தாலும் வேண்டாம்.

பாசியால் கடல் தண்ணீர் சிவப்பாக மாறாவிட்டால் சரியா? வெள்ளிக் கரண்டி போட்டுப் பார்க்கலாமா?

இரண்டுமே உதவாது. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. ஆய்வகச் சோதனை ஒன்றுதான் வழி.

அண்ணே, மோட்டார் மீன்காரரிடம் வாங்கிய கெம்போங் மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரித்தது. எனக்கு மீனே ஒத்துக்கொள்ளாதா?

அவசரப்பட்டு மீனை ஒதுக்காதீர்கள் தம்பி. கெம்போங், தொங்கோல் போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற, அரிப்பு தரும் பொருள் உண்டாகும். அதையும் சமையல் அழிக்காது. அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் அரித்ததா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மூச்சு இழுத்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அடுத்த முறை, பெட்டியில் ஐஸ் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

உடம்பை உப்பிக்கொள்ளும் பேத்தை மீனின் ஈரலை எடுத்துவிட்டுச் சமைக்கலாம் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். ஈரல், சினை மட்டுமில்லை, தோலிலும் விஷம் இருக்கும். சில வகைகளில் சதையிலும் உண்டு. 2023 மார்ச்சில் ஜொகூரில் ஒரு வயதான தம்பதி இந்த மீனைச் சாப்பிட்டு இறந்துபோனார்கள். பெலாங்காஸ் என்ற குதிரைலாட நண்டின் முட்டையையும் தவிர்த்துவிடுங்கள்.

சிப்பி விஷமோ பேத்தை விஷமோ ஏறிவிட்டது என்று எப்படித் தெரியும்? புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

முதலில் உதடும் நாக்கும் மரத்து, ஊசி குத்துவது போல இருக்கும். அரை மணி நேரத்திலேயே தொடங்கலாம். அப்புறம் விரல், கை கால் தளரும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. ஆனால் நேரத்தோடு செயற்கை சுவாசம் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். அதனால்தான் உதடு மரத்ததுமே 999 அவசர எண்ணை அழைக்கச் சொல்கிறேன். தோட்டத்திலிருந்து மருத்துவமனை தூரம், விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். மிச்சமிருக்கும் மீனையோ சிப்பியையோ பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கூடச் சாப்பிட்டவர்களையும், நன்றாக இருந்தாலும், அழைத்துச் செல்லுங்கள்.