பக்கத்து வீட்டு சோலாருக்கு நம்ம பில்லுல காசு ஏறுமா?

விருதுநகர் பக்கத்துல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "எங்க வீட்ல ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் ஓடும், பில்லு 700 ரூபா சொச்சம் வரும். ஒரு ஏஜென்ட் வந்து, ஊரே மானியத்துல சோலார் போடுது, அந்த மானியத்தையெல்லாம் போடாதவங்க கரண்ட் பில்லுல தான் ஏத்தப் போறாங்க, அதனால நீங்களும் 3 கிலோவாட் போட்டுருங்கன்னு சொல்றார். லோனும் அவரே வாங்கித் தர்றாராம். ஈபி கனெக்‌ஷன் இறந்துபோன மாமனார் பேர்ல இருக்கு. பயமா இருக்கு, என்ன செய்யலாம்?"

பயப்படாதீங்கம்மா. அந்த ஏஜென்ட் சொன்னதுல கால்வாசி உண்மை இருக்கு, அந்தக் கால்வாசியை வச்சு மிச்ச முக்காலையும் உங்க தலையில கட்டப் பாக்குறார்.

மொதல்ல மானியம். 2024 பிப்ரவரில மத்திய அரசு ஆரம்பிச்ச பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம் இது, 1 கோடி வீட்டுக்கு 75,021 கோடி ரூபா ஒதுக்கியிருக்காங்க. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் எவ்வளவு போட்டாலும் 78,000 தான். இந்தக் காசு மத்திய பட்ஜெட்ல இருந்து வருது, அதாவது நீங்களும் நானும் கட்டுற வரியில இருந்து. உங்க கரண்ட் பில்லுல ஒரு பைசா இதுக்காக ஏறாது. யார் வந்து சொன்னாலும் நம்பாதீங்க.

அப்போ அந்தக் கால்வாசி உண்மை எதுன்னு கேப்பீங்க. பக்கத்து வீட்டுக்காரர் மத்தியானம் 12 மணிக்கு ஒரு யூனிட்டை லைனுக்கு அனுப்புறார், ராத்திரி 7 மணிக்கு லைட்டு ஃபேனு ஏசின்னு அதே ஒரு யூனிட்டைத் திரும்ப எடுத்துக்குறார், கணக்குல ரெண்டும் நேராயிடுது. ஆனா மின்வாரியத்துக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல. மத்தியானம் கரண்ட் மலிவா கிடைக்கும், சாயங்காலம் ஊரே ஸ்விட்ச்சைப் போடுற நேரத்துல பத்தாக்குறைக்குச் சந்தையில வாங்கினா யூனிட்டு 10 ரூபா வரைக்கும் கூடப் போகும். அந்த வித்தியாசம் வாரியத்தோட செலவுல சேர்ந்து, பின்னாடி கட்டணம் நிர்ணயிக்கிறப்ப எல்லார் மேலயும் கொஞ்சம் கொஞ்சம் விழும். கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் செலவும் இப்படித்தான். ஃபேக்டரிக்காரங்க கூரையில சோலார் போட்டா நெட்வொர்க் சார்ஜ்னு ஒண்ணு கேக்குறாங்களே, அது இதுக்காகத்தான். ஆனா வீட்டு மொட்டை மாடி சோலாரால ஏறுறது ரொம்பச் சின்னது, உங்க பில்லுல தேடினாலும் தெரியாது.

நிஜமா பில்லுல உக்காந்திருக்கிறது வேற. 2015ல கமுதி பக்கம் 648 மெகாவாட் சோலாருக்கு யூனிட் 7 ரூபா 1 பைசான்னு 25 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டாங்க. ரெண்டே வருஷம், 2017ல டெண்டர் விட்டப்ப 3 ரூபா 47 பைசாக்கு கம்பெனிகள் ஒத்துக்கிட்டு வந்தாங்க. பேனல் விலை விழுந்துக்கிட்டே இருக்குன்னு தெரிஞ்ச காலத்துல கால் நூற்றாண்டுக்கு ஒரே விலைன்னு கையெழுத்துப் போட்டா, அந்தப் பாரம் இன்னைக்குப் பில் கட்டுற உங்கள மாதிரி குடும்பத்து மேலதான் வந்து நிக்குது, இதைக் கேட்டா பொறுப்புச் சொல்ல ஒரு ஆபீஸும் கிடையாது. காத்தாலையும் அப்படித்தான். ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரை காத்து அள்ளிக் கொட்டும், அப்ப சுத்தின கரண்டை மில்லுக்காரங்க வாரியத்துல 'பேங்க்' பண்ணி வச்சு காத்து இல்லாத மாசத்துல திரும்ப எடுப்பாங்க. கரண்ட் என்ன நெல்லா, குதிர்ல கொட்டி வைக்க? எடுக்குற அன்னைக்கு வாரியம் வேற எங்கயாவது வாங்கித்தான் குடுக்கணும். 2018 மார்ச்சுக்கு அப்புறம் வந்த காத்தாலைக்கு இப்படி வருஷம் முழுக்க சேத்து வைக்கிற பேங்கிங் இல்ல, பழசுக்கு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. இதுக்காக சோலாரே தப்பு, காத்தாலையே தப்புன்னு நான் சொல்லல, இன்னைக்கு விலையில பகல் நேரத்துக்கு சோலார் மாதிரி மலிவு எதுவும் இல்ல.

சரி, உங்க வீட்டுக்கு வருவோம். 1 கிலோவாட் ஒரு நாளைக்கு சராசரி 4 யூனிட் குடுக்கும், ரெண்டு மாசத்துக்கு 240. 3 கிலோவாட்னா 720. உங்களுக்கு ஓடுறதே 300, அதுலயும் 100 யூனிட் ஏற்கனவே இலவசம். மிச்ச 420 யூனிட்டை என்ன பண்ணப் போறீங்க? லைனுக்குப் போகும், வருஷக் கடைசில அதுக்குக் கிடைக்கிறது சொற்பம். அதுவே 1 கிலோவாட் போட்டா 300ல 240 கழிஞ்சு 60 தான் நிக்கும், அது நூறுக்குள்ள வந்துருது. இதை ஏன் எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டேங்குறான்னா 1 கிலோவாட்ல அவனுக்குக் கமிஷன் நிக்காது.

லோன் கணக்கையும் பாருங்க. 3 கிலோவாட் ஒண்ணரை லட்சத்துல இருந்து ரெண்டு லட்சம் வரைக்கும் சொல்றாங்க. ரெண்டு லட்சம்னா மானியம் போக 1,20,000 கடன்னு வைங்க, பத்து வருஷத்துக்குக் கட்டினா மாசத் தவணை 1,300க்கு மேல வரும், ரெண்டு மாசத்துக்கு 2,600. எவ்வளவு பில்லை மிச்சப்படுத்த? 700 ரூபாய! ரெண்டு ஏசி ஓடுற வீடு, 900 யூனிட் தாண்டுற வீடுன்னா கதையே வேற, 500 யூனிட்டுக்கு மேல போனாலே ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல, அவங்க கண்ணை மூடிட்டு 3 கிலோவாட் போடலாம். நீங்க அந்த வீடு இல்லம்மா.

இப்ப மாமனார் பேர். இதைத்தான் நான் அழுத்திச் சொல்லணும், ஏன்னா இதுலதான் ரொம்பப் பேரு மாட்டுறாங்க. மானியம் விண்ணப்பம் போட்டவரோட பேங்க் அக்கவுண்ட்டுக்கு நேரா வரும், அந்தப் பேரும் ஈபி கனெக்‌ஷன் பேரும் ஒத்துப்போகணும். இறந்தவர் பேர்ல கனெக்‌ஷன், மருமக பேர்ல அக்கவுண்ட்னா மானியம் வராம நின்னுடும். போன வருஷம் எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துல ஏஜென்ட் "அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்"னு பேனலை மாட்டிட்டுப் பணத்தை வாங்கிட்டுப் போயிட்டான். நான் போய்ப் பாத்தப்ப மாடியில பேனல் வெயில்ல மின்னுது, கீழ சுவத்துல பழைய மீட்டர் தான் ஓடுது, லைனுக்கு அனுப்புற கரண்டைக் காட்டுற புது மீட்டரே வரல. வாரிசு சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், பேர் மாத்த ஈபி ஆபீஸ், கொழுந்தனார் கையெழுத்து, இனிஷியல் முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு பேங்க்ல ஒரு வாரம், எட்டு மாசம் அலைஞ்சாங்க. எல்லாக் கையிலயும் ஆதார் இருக்கு, எல்லா ஆபீஸ்லயும் கம்ப்யூட்டர் இருக்கு, ஆனா ஒரு செத்தவர் பேரை எடுத்துட்டு மகன் பேரைப் போட ஒரு மனுஷன் எத்தனை படி ஏறணும்னு ஒரு கணக்கே கிடையாது, எனக்கு ஆத்திரமா வருது. அதனால மொதல்ல உங்க வீட்டுக்காரர் பேருக்கு கனெக்‌ஷனை மாத்துங்க, பில்லுல புதுப் பேரு அச்சாகி வரட்டும், அதே எழுத்துல அவர் பேங்க் பாஸ்புக் இருக்கான்னு பாருங்க, அப்புறம் விண்ணப்பம்.

மானியம் எங்க கம்பெனி அக்கவுண்ட்டுக்கு வரும்னு சொல்றவன், வெத்து செக் கேக்குறவன், ஓடிபி கேக்குறவன் யாரையும் வீட்டுக்குள்ள விடாதீங்க. விண்ணப்பத்தை அரசு போர்ட்டல்ல உங்க போன் நம்பர்ல நீங்களே போடுங்க. பேனல்லயும் ஒரு ஏமாத்து உண்டு. நம்ம நாட்டுலயே செஞ்ச சோலார் செல் வச்சு இங்கயே செஞ்ச பேனலுக்குத்தான் மானியம், டீசிஆர் பேனல்னு சொல்லுவாங்க, வெளிநாட்டு செல் உள்ளது விலை குறைவு, அதை மாட்டிட்டு டீசிஆர் விலை வாங்குவாங்க. மேல ஏத்துறதுக்கு முன்னாடி பேனலைக் குப்புறப் போடச் சொல்லி, பின்னாடி லேபிள்ல இருக்கிற சீரியல் நம்பரை ஒண்ணு விடாம போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க, பில்லுல உள்ள நம்பரோட ஒத்துப் பாருங்க.

அந்த ஏஜென்ட் மறுபடி வந்தா 1 கிலோவாட்டுக்கு எவ்வளவு, எந்தக் கம்பெனி பேனல், எந்த இன்வெர்ட்டர், புது மீட்டர் வர்ற வரைக்கும் எவ்வளவு பணத்தை நிறுத்தி வைக்கலாம்னு ஒரு தாள்ல எழுதிக் கேளுங்க. எழுதித் தந்தா, பேர் மாத்தி முடிச்சதும் கூப்பிடுறேன்னு சொல்லி அனுப்புங்க. எழுத மாட்டேன்னா வேற ஆளைப் பாருங்க, போர்ட்டல்லயே உங்க மாவட்டத்துல பதிவு பண்ணினவங்க லிஸ்ட் இருக்கு.