வயதான லிம்போமா நோயாளிக்கு உடல் எடையை ஏன் இவ்வளவு கவனிக்கிறார்கள்?

லிம்போமா என்பது நிணநீர் மண்டலத்து வெள்ளை அணுக்களில் வரும் புற்றுநோய். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாமல் நெறி கட்டுவது அதன் பொதுவான அடையாளம். ‘சத்து நிலை’ என்று டாக்டர் சொல்வது இன்று தட்டில் என்ன இருந்தது என்பதையல்ல. உடம்பில் எவ்வளவு தசையும் புரதமும் கையிருப்பில் இருக்கிறது என்பதை.

சிகிச்சை தொடங்கும்போதே எடையும், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதமும் குறைந்திருந்த முதியவர்கள், சராசரியாகக் குறைந்த காலமே வாழ்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கீமோ, அதாவது புற்றுநோய் அணுக்களை அழிக்கும் மருந்து, நல்ல அணுக்களையும் தாக்கும். அவற்றைத் திரும்பக் கட்ட உடம்புக்குப் புரதம் வேண்டும். அது இல்லாதவருக்குத் தொற்று எளிதில் வரும். மருந்தின் அளவைக் குறைக்கவோ அடுத்த சுற்றைத் தள்ளிப்போடவோ நேரிடும். ஆல்புமின் குறையச் சாப்பாடு மட்டும் காரணமில்லை, நோயின் அழற்சியும் அதை இறக்கும். ஆகவே வீட்டார் தங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

காசிமேட்டில் விசைப்படகு கிளம்புமுன் டீசலும் ஐஸும் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் புதிதாகவே இருக்கட்டும், டீசல் பாதிதான் என்றால் போன படகு கரை திரும்பாது. கீமோவும் அப்படித்தான். பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு சுற்று, மாதக்கணக்கில் ஓடும்.

அப்பாவின் மோதிரம் விரலில் சுழல்கிறதா, வேட்டி இடுப்பில் நிற்கவில்லையா, உடனே எடை பாருங்கள். 60 கிலோ இருந்தவர் 6 மாதத்தில் 6 கிலோ குறைந்திருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

‘நல்லா சாப்பிட்டா கட்டியும் வளரும்’ என்று பலர் பயப்படுகிறார்கள். பட்டினி போட்டால் கட்டி சுருங்காது, தசைதான் கரையும், அதனால் முட்டையையும் நன்றாக வெந்த மீனையும் நிறுத்தாதீர்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.