அப்கிரேடுக்கும் ஒரு சீசன் இருக்கு! வாசகர் கேள்வி பதில்

போன தடவை ஃப்ளைட் மைல்ஸ், அதாவது பறக்கறவங்களுக்கு ஏர்லைன் குடுக்கற புள்ளிகள் சேக்கறத பத்தி பதில் சொன்னதுல இருந்து ஒரே கேள்விதான் சுத்தி சுத்தி வருது, எந்த மாசம் போனா அப்கிரேடு, அதாவது எகானமி டிக்கெட்டுக்கே முன்னாடி இருக்கற சொகுசு சீட்டு கிடைக்கும்னு. ஜோசியம் கேக்கற மாதிரியே கேக்கறீங்க. சரி, பஞ்சாங்கத்த பிரிப்போம்.

கேள்வி (டல்லாஸ் வாசகர், ஐடி கன்சல்டன்ட்): சார், அமெரிக்கன் ஏர்லைன்ஸ்ல கோல்ட் ஸ்டேட்டஸ் இருக்கு. அக்டோபர் பூரா வாரா வாரம் சிகாகோ போய்ட்டு வந்தேன், ஒரு தடவைகூட ஃபர்ஸ்ட் க்ளாஸ் வரல. டிசம்பர் கடைசில ஏர்போர்ட்டே திருவிழா மாதிரி இருக்கறப்போ ரெண்டு தடவை வந்துடுச்சு. இது என்ன கணக்கு?

பதில்: கூட்டம் எவ்ளோன்னு பாக்கறீங்க, அங்கதான் தப்பு. கூட்டத்துல யாரு இருக்கான்னு பாருங்க. அக்டோபர் செவ்வாய்க்கிழமை காலைல உங்க ஃப்ளைட்ல ஏறினவங்கள்ல பாதிபேர் உங்கள மாதிரியே லேப்டாப் பையோட வாரா வாரம் பறக்கறவங்க, எல்லார்கிட்டயும் ஒரு ஸ்டேட்டஸ் கார்டு, அதாவது அடிக்கடி பறக்கறவங்களுக்கு ஏர்லைன் குடுக்கற தகுதி இருக்கும், அதுல நிறைய பேர் உங்கள விட பெரிய கார்டு. டிசம்பர் 26ல ஏறினவங்க பாட்டி வீட்டுக்கு போற குடும்பங்க, குழந்தை, ஸ்ட்ரோலர், கிஃப்ட் பை. அவங்க வருஷத்துக்கு ஒரு தடவை பறக்கறவங்க, காலி ஃபர்ஸ்ட் க்ளாஸ் சீட்ட கார்டு பாத்து இலவசமா குடுக்கற அப்கிரேடு லிஸ்ட்டுக்கே வரமாட்டாங்க. ப்ளேன் நிரம்பி வழியும், லிஸ்ட்டு மட்டும் காலியா கிடக்கும்.

இன்னொரு விஷயம், கோபப்படாதீங்க. நம்மூர் நகைக்கடைலதான் கோல்டுக்கு மரியாதை, அங்க கோல்டுங்கறது கடைசி பெஞ்ச். உங்களுக்கு மேல பிளாட்டினம், பிளாட்டினம் ப்ரோ, எக்ஸிக்யூட்டிவ் பிளாட்டினம்னு மூணு படி இருக்கு. எக்ஸிக்யூட்டிவ் பிளாட்டினத்துக்கு ஃப்ளைட் கிளம்ப 100 மணி நேரம் முன்னாடியே அப்கிரேடு கதவு திறந்துடும், அப்புறம் 72, அப்புறம் 48, உங்க முறை வர்றப்போ வெறும் 24 மணி நேரம்தான் மிச்சம். போயிங் 737-800ல ஃபர்ஸ்ட் க்ளாஸ் சீட்டே 16தான், அதுல காசு குடுத்து வாங்கினவங்க போக மிச்சம் இருக்கறத மேல இருக்கறவங்க தின்னுட்டு, தட்டுல கறிவேப்பிலை மட்டும் உங்களுக்கு வரும். சின்ன எம்ப்ரேயர் 175னா 12 சீட்டு, கறிவேப்பிலையும் இல்ல.

கேட் பக்கத்துல ஸ்க்ரீன்ல அந்த லிஸ்ட்ட போடுவான் பாருங்க, கடைசி பேர்ல மூணு எழுத்து, முதல் பேர்ல ஒரு எழுத்துன்னு. எங்க ரூட்ல ஒரு நாள் SUB மாதிரி மூணு எழுத்துல ஆரம்பிக்கற சுப்ரமணியன்களே ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் முதல் எழுத்தும் ஒண்ணு, சீட்டு கிடைச்சதுக்கு அடையாளமா டிக் மார்க் விழுந்ததும் ரெண்டு பேரும் எழுந்து நின்னாங்க. ஒருத்தர் மட்டும் சிரிச்சுட்டு உக்காந்துட்டார். அது ஒரு அக்டோபர்தான், என் நம்பர் அன்னைக்கு 23, சீட்டு ரெண்டு.

அதனால மோசமான காலம் எதுன்னா, செப்டம்பர் முதல் திங்கள்ல வர்ற அமெரிக்க லீவு நாள் லேபர் டே முடிஞ்சதுல இருந்து நவம்பர் நடு வரைக்கும், அப்புறம் ஜனவரி நடுவுல இருந்து மே வரைக்கும். ஆபீஸ்காரன் பறக்கற காலம் உங்களுக்கு பஞ்ச காலம், அவ்ளோதான். அந்த மாசங்கள்லயும் திங்கள் காலை, வியாழன் சாயங்காலம் ரெண்டையும் விட்டுட்டு சனிக்கிழமையோ புதன் மத்தியானமோ போக முடிஞ்சா கொஞ்சம் ஆசை வெச்சுக்கலாம்.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி வாசகி): அப்போ தேங்க்ஸ்கிவிங்குக்கு நாங்க நாலு பேரும் ஆர்லாண்டோ போறோம், என் வீட்டுக்காரர்கிட்ட ஸ்டேட்டஸ் இருக்கு, எங்களுக்கு கிடைக்குமா?

பதில்: நாலு பேருக்குமா? மறந்துடுங்க மேடம். அமெரிக்க ஏர்லைன்ஸ்ல பொதுவா ஸ்டேட்டஸ்காரரோட சேத்து கூட வர்ற ஒருத்தருக்குத்தான் அப்கிரேடு ஓடும். அப்படியே கிடைச்சாலும் அவர் முன்னாடி காலை நீட்டிட்டு உக்கார, நீங்க ரெண்டு பசங்களோட 31வது வரிசைலன்னா, அந்த லீவே வேற மாதிரி ஆயிடும்.

தேங்க்ஸ்கிவிங் நவம்பர் நாலாவது வியாழன். அதுக்கு முந்தின புதன், அடுத்த ஞாயிறு ரெண்டும்தான் கூட்டத்தோட உச்சம். ஆனா வியாழக்கிழமையே காலைல பறக்கறவங்க கம்மி, எல்லாரும் அதுக்குள்ள ஊர் போய் சேந்துட்டாங்க இல்லையா. நான் ஒரு தடவை அந்த வியாழன் காலை ஃப்ளைட்ல தனியா போனேன், லிஸ்ட்ல மொத்தமே அஞ்சு பேர், காலி சீட்டு ஆறு. வீட்ல கட்டி குடுத்த புளியோதரை டப்பா கைல. பக்கத்து சீட்டுக்காரருக்கு பீங்கான் தட்டுல ஆம்லெட் வருது, நான் டப்பாவ திறக்கறேன், நல்லெண்ணெய் வாசனை முதல் வரிசைல இருந்து நாலாவது வரிசை வரைக்கும் போயிருக்கும். கொஞ்சம் கூச்சமாதான் இருந்துச்சு, ஆனா ஒரு பருக்கை விடல.

கேள்வி (சியாட்டில் வாசகர்): ஜனவரில லிஸ்ட்டு திடீர்னு நீளமா இருக்கு, ஃபிப்ரவரில குறையற மாதிரி தெரியுது. பிரமையா?

பதில்: பிரமை இல்ல, நல்லா கவனிச்சிருக்கீங்க. டெல்டா, யுனைட்டட் ரெண்டுலயும் ஒரு வருஷத்து ஸ்டேட்டஸ் அடுத்த ஜனவரி 31 வரைக்கும் செல்லும். அதனால ஜனவரி மாசம் பழசு முடியப்போறவனும் கைல கார்டோட இருப்பான், புதுசா வாங்கினவனும் இருப்பான், ரேஷன் கடைல பழைய கார்டு புது கார்டு ரெண்டுமே செல்ற மாதிரி. ஃபிப்ரவரி 1 விடிஞ்சதும் பழசு செத்துடும். அமெரிக்கன்ல கணக்கு வேற, அவங்க வருஷமே மார்ச் 1ல இருந்து ஃபிப்ரவரி கடைசி வரைக்கும், கார்டு மார்ச் 31 வரைக்கும் ஓடும், அதனால அங்க நெரிசல் மார்ச்ல, ஏப்ரல்ல கொஞ்சம் மூச்சு விடலாம்.

முன்னாடி டிசம்பர்லயும் ஒரு கூத்து நடக்கும். இன்னும் ரெண்டாயிரம் மைல் பறந்தா அடுத்த படின்னு கணக்கு போட்டுட்டு சும்மாவே ஒரு ஊருக்கு போய் ஏர்போர்ட்ல காபி குடிச்சுட்டு திரும்பி வருவாங்க, மைலேஜ் ரன்னு அதுக்கு பேரு, அந்த ஃப்ளைட்டுங்கள்ல ஏறினவன் எல்லாமே கார்டுக்காரனா இருப்பான். இப்போ அது ரொம்ப குறைஞ்சு போச்சு, ஏன்னா எவ்ளோ தூரம் பறந்தேங்கறது போய் எவ்ளோ செலவு பண்ணேங்கறதுக்கு கம்பெனிங்க மாறிட்டாங்க. அமெரிக்கன் 2022ல மாத்தினான், டெல்டா 2024ல இருந்து டாலர் கணக்கு மட்டும்தான். க்ரெடிட் கார்டுல மளிகை வாங்கியே ஸ்டேட்டஸ் ஏத்தறவங்க இருக்காங்க.

இதோட ஊர் கணக்கையும் சேத்துக்கோங்க. ஜனவரி முதல் பாதில பொதுவா ஆபீஸ் பயணம் மந்தம்தான், ஆனா லாஸ் வேகாஸ்ல அப்போதான் சிஇஎஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி, அந்த வாரம் வேகாஸ் ஃப்ளைட்ல அப்கிரேடு கேக்கறது கல்யாண வீட்ல பந்தி முடியற நேரத்துல எலை கேக்கற மாதிரி.

கேள்வி (ஹூஸ்டன் வாசகி): வருஷா வருஷம் ஜூன்ல சென்னை வர்றோம். அப்கிரேடுக்கு எந்த மாசம் நல்லது?

பதில்: முதல்ல ஒண்ணு தெளிவாயிடணும். உள்ளூர் ஃப்ளைட்ல கார்டு பாத்து இலவசமா தூக்கி விடற வழக்கம் கடல் தாண்டற பிசினஸ் க்ளாஸுக்கு கிடையாது. மைல்ஸ் குடுக்கணும், இல்ல பாயின்ட்ஸ், இல்ல காசு, இல்ல ஏலம். ரொம்ப சீப்பான டிக்கெட்ட மைல்ஸ் வெச்சு ஏத்தவும் நிறைய கம்பெனி விடமாட்டான்.

சென்னை ரூட்ல ஜூன்ல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் ஸ்கூல் லீவு, டிசம்பர் நடுவுல இருந்து பொங்கல் வரைக்கும் கச்சேரி சீசன், கல்யாணம், கிறிஸ்துமஸ் லீவு எல்லாம் சேந்து வரும். ஆனா கூட்டம் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல இருக்காது, இத நிறைய பேர் யோசிக்கறதில்ல. ஜூன் முதல் வாரம் இந்தியா பக்கம் வர்ற ப்ளேன் பிதுங்கும், அதே வாரம் திரும்பி போறதுல இடம் இருக்கும். ஆகஸ்ட்ல நேர் எதிரு. உங்களுக்கு ஸ்கூல் லீவு கட்டாயம்னா ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா அம்மா அப்பாவ அங்க கூப்பிடறீங்கன்னா ஏப்ரல் கடைசி, மே ஆரம்பத்துல அனுப்பாம ஃபிப்ரவரிலயோ செப்டம்பர்லயோ டிக்கெட் போடுங்க, முட்டி வலிக்காரங்களுக்கு படுத்துட்டு போற சீட்டு கிடைக்க வாய்ப்பு அப்போதான் அதிகம். நம்மூர்ல ஆடி மாசம்னா தள்ளுபடி, இந்த ரூட்ல அதே ஆடிலதான் ரேட்டு உச்சத்துல இருக்கும், என்ன கொடுமையோ.

லண்டன் வழியா பிரிட்டிஷ் ஏர்வேஸ்ல போறவங்களுக்கு இன்னும் நேரடியாவே எழுதி வெச்சிருக்கான், அவங்க மைல்ஸுக்கு பேரு அவியோஸ், அதுக்கு பீக் நாள் (கூட்ட நாள்), ஆஃப் பீக் நாள்னு காலண்டரே இருக்கு, அத பாத்துட்டு தேதிய ரெண்டு நாள் முன்ன பின்ன நகத்தினாலே மிச்சம்.

ஏலம் பத்தியும் கேப்பீங்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எதிஹாட், லுஃப்தான்சா எல்லாரும் வெச்சிருக்காங்க, டிக்கெட் எடுத்தப்புறம் இவ்ளோ தர்றேன்னு சொல்லலாம். சீசன் இல்லாத நேரத்துல குறைஞ்சபட்ச தொகைக்கு கொஞ்சம் மேல போட்டாலே போதும்னு என் அபிப்பிராயம், சீசன்ல எவ்ளோ போட்டாலும் நமக்கு மேல ஒருத்தன் இருப்பான்.

ஆனா சீசன்ல மட்டும் ஒரு லாட்டரி உண்டு. எகானமில இருக்கற சீட்டுக்கு மேலயே வித்திருப்பான், எல்லாரும் வந்து நின்னுடுவாங்க, மேல பிசினஸ்ல நாலு காலியா இருக்கும். யாரையாவது ஏத்தித்தான் ஆகணும், அப்போ அவன் பாக்கறது அவனோட சொந்த மைல்ஸ் கார்டு வெச்சிருக்கறவன, அதுலயும் தனியா வர்றவன. அதனால எந்த ஏர்லைன்னாலும் மெம்பர்ஷிப் நம்பர டிக்கெட்ல போட்டு வைங்க, ஓசிதானே.

கேள்வி (சிகாகோ வாசகர்): மழை, பனி காலத்துல வாய்ப்பு கூடுமா குறையுமா?

பதில்: ரெண்டும். ஜூலைல சிகாகோலயோ நியூவர்க்லயோ இடி மழை அடிச்சா கனெக்‌ஷன் ஃப்ளைட்டுங்க லேட் ஆகும், ஃபர்ஸ்ட் க்ளாஸ்ல டிக்கெட் எடுத்தவனே வந்து சேந்திருக்க மாட்டான், கதவு சாத்த பத்து பதினஞ்சு நிமிஷம் இருக்கறப்போ கேட் ஆள் லிஸ்ட்ல அடுத்த பேர கூப்பிடுவாங்க. அதனால ஸ்க்ரீன்ல பேர் இருந்தா சாப்பிட போறேன்னு நகராதீங்க. ஆனா முந்தின ஃப்ளைட்டே கேன்சல் ஆகி அந்த ஜனம் பூரா உங்க ஃப்ளைட்டுக்கு வந்துட்டா, நடு சீட்டு கிடைச்சதே பாக்கியம்னு உக்காருங்க.

கேள்வி (மதுரை வாசகர்): கோட் சூட் போட்டுட்டு போய் கவுண்டர்ல சிரிச்சு பேசினா ஏத்தி விடுவாங்களாமே?

பதில்: அதெல்லாம் அந்த காலம் தம்பி. இப்போ லிஸ்ட்டு போடறது கம்ப்யூட்டர், அதுக்கு கோட்டும் தெரியாது வேட்டியும் தெரியாது. ஆனா ஃபிப்ரவரில சிகாகோ போறதா இருந்தா கோட் எடுத்துட்டு போங்க, இறங்கினதும் தேவைப்படும்.