துல்லியம் என்ற சொல்லும் தந்தையாரின் சர்க்கரை அளவும்

கோபிச்செட்டிபாளையத்து நண்பருக்கு வணக்கம். வெறும் வயிற்றில் தந்தையாருக்கு வீட்டுக் குளுக்கோமீட்டர் 146, 147, 146 என்று காட்ட, அதே வேளையில் எடுத்த ரத்தத்துக்கு ஆய்வகம் 132 என்றதால், பெட்டியில் அச்சிட்ட ‘துல்லியம்’ பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழப்பம் சொல்லில் இருக்கிறது. மருத்துவ அளவீட்டில் ‘பிரிசிஷன்’ என்பது திரும்பத் திரும்ப அளந்தாலும் ஏறத்தாழ ஒரே விடை வருவதை மட்டுமே குறிக்கும். அந்த விடை உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதைச் சொல்வது ‘அக்யூரசி’. தமிழில் இரண்டையும் துல்லியம் என்றே எழுதிவிடுகிறோம். நானாக இருந்தால் முன்னதை ‘ஒருசீர்மை’ என்பேன். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒரு தராசு ஒவ்வொரு மூட்டைக்கும் தவறாமல் இரண்டு கிலோ கூட்டிக் காட்டினால், அது ஒருசீரானதுதான், சரியானதன்று (வாங்க வந்தவர் சும்மா விடமாட்டார் என்பது வேறு கதை).

உங்கள் கருவியும் சற்றே கூட்டிக் காட்டுகிறது, ஆனால் வரம்பை மீறவில்லை. டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில், 95 விழுக்காடு முடிவுகளாவது ஆய்வக மதிப்பிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும் என்கிறது வீட்டுக் குளுக்கோமீட்டர்களுக்கான பன்னாட்டுத் தரமான 2013ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 15197. 132க்கு அது ஏறத்தாழ 112 முதல் 152 வரை. இதற்காகக் கருவியை மாற்ற வேண்டியதில்லை; மாத்திரை அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசும்போது ஆய்வக அறிக்கையையே கொண்டு செல்லுங்கள்.