முகப்புப் பொத்தானைத் திரும்பக் கொண்டுவருதல்

வணக்கம். புதிதாக ஃபயர்பாக்ஸ் இணைய உலாவியை நிறுவியபின், வீட்டுப் படம் போட்ட முகப்புப் பொத்தான் காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது பழுதன்று, 2021இல் தோற்றத்தை மாற்றியபோது அப்பொத்தானைக் கருவிப்பட்டையிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள்.

கருவிப்பட்டையின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கி, அதை மாற்றியமைக்கும் தேர்வைத் திறந்தால், ஒதுங்கியிருக்கும் பொத்தான்கள் அனைத்தும் கட்டம் கட்டமாகத் தெரியும். அவற்றுள் முகப்பை இழுத்துவந்து, பக்கத்தை மீளேற்றும் வட்ட அம்புக்கு அடுத்து விடுங்கள். முகவரிப் பெட்டியின் இருபுறமும் நெகிழும் வெற்றிடங்கள் இருக்கும். அவற்றையும் கீழே இழுத்து அகற்றினால் நீளமான முகவரிகள் முழுமையாகத் தெரியும், எனக்கு அதுவே வசதி. இயல்புநிலைக்கு மீட்கும் பொத்தானை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். நீங்கள் அடுக்கிய வரிசை முழுவதும் கலைந்துவிடும்.