பேங்க் வேலையை நாளைக்கே விடட்டுமான்னு கேட்ட தம்பிக்கு
இஸ்லாத்துக்கு வந்தப்புறம் லோன் செக்‌ஷன்ல வட்டிக் கணக்கு எழுதவே மனசு வரலன்னு சொல்றீங்க, அந்த உறுத்தல் நியாயம்தான் தம்பி, ஸஹீஹ் முஸ்லிம்ங்கிற நபிமொழித் தொகுப்புல வட்டி வாங்குறவர், கொடுக்குறவரோட அதை எழுதுறவரையும் சேர்த்துதான் நபி சபிச்சதா இருக்கு. ஆனா இதுவரைக்கும் வாங்குன சம்பளத்தை நெனச்சு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க, குர்ஆன் 2:275 முழுசா படிங்க, அறிவுரை வந்ததும் விலகிட்டவருக்கு முன்னாடி வாங்குனது அவருக்கேன்னு இருக்கு.

அம்மா உங்க சம்பளத்தைத்தான் நம்பி இருக்காங்கன்னு வேற எழுதிருக்கீங்க, அதனால நிலைமையை ஒரு ஆலிம்கிட்ட, அதாவது மார்க்க அறிஞர்கிட்ட, விவரமா சொல்லிக் கேளுங்க, வேற வேலை தேடுறதை மட்டும் இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க. பேலன்ஸ் ஷீட் பாத்தே ஓட்டை எங்கன்னு சொல்ற உங்கள மாதிரி ஆள் கெடைச்சா ஆடிட் ஆபீஸ்ல நழுவ விடமாட்டாங்க. வட்டியில்லா நிதித்துறை புடிச்சா இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குக் கணக்கு, தணிக்கை விதிமுறை வகுக்குற, பஹ்ரைன்ல இருக்க அயோஃபி (AAOIFI) அமைப்போட சிஎஸ்ஏஏ (CSAA) சர்டிஃபிகேட் பாருங்க, அது ஷரீஅத் ஆலோசகர், தணிக்கையாளருக்கான சான்றிதழ். மதம் மாறுனதையும் வேலையை விடுறதையும் அம்மாகிட்ட ஒரே நாள்ல போட்டு உடைக்காதீங்க, பாவம், தாங்கமாட்டாங்க.